செடியும் உடந்தை: ஜொகூரிலிருந்து சூழல் கலையைப் பார்த்தல்

1974 ஆகஸ்டில் கோலாலம்பூரின் டேவான் பஹாசா டான் புஸ்தாகா வளாகத்தில், எழுத்தாளர்கள் கூடும் மூலையில் ஒரு கண்காட்சி நடந்தது. ஓவியம் என்று சொல்ல அங்கே எதுவுமில்லை. எரிந்து முடிந்த கொசுவத்திச் சுருள், பாதி குடித்து வைத்த கோக்கோ கோலா போத்தல், முடிதிருத்தும் கடையிலிருந்து அள்ளிவந்த முடி, பறவையைப் பறக்கவிட்ட பிறகு எஞ்சிய கூண்டு, இவற்றோடு ஒரு பூந்தொட்டிச் செடி. இரண்டு கலைஞர்களும் பல மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்ட செடி அது. அதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை. திறப்பு நாளன்று கவிஞர் சாலே பென் ஜோனெட் அரங்கிலேயே சிறுநீர் கழித்துத் தம் விமர்சனத்தைப் பதிவு செய்தார். மலேசியக் கலை வரலாறு இந்தச் சம்பவத்தைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. செடி மறந்துபோயிற்று.

அந்த இருவரில் ஒருவர் குவாந்தானில் பிறந்த ரெட்சா பியாடாசா. மற்றவர் ஜொகூர்க்காரரான சுலைமான் எசா. பொருளைப் பார்க்காதீர்கள், அதன் வழியாக நடக்கும் காலத்தைப் பாருங்கள் என்பது அவர்கள் கட்சி. சூழல் கேடு பற்றி அவர்கள் பேசவில்லை. ஆனால் அதே 1974-ல்தான் மலேசிய நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின்கீழ் மூன்றாண்டு கழித்து வந்த முதல் விதிகளுள் ஒன்று செம்பனை எண்ணெய் ஆலைகளைப் பற்றியது. காரணம் எளிது. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் வரும். அது ஆற்றில் கலந்தால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன் செத்து மிதக்கும். நாட்டின் ஆறுகளை அன்று பெருமளவில் கெடுத்தது ஒரு செடியின் பழம்.

ஜொகூரில் நின்றுகொண்டு, செடியையும் மாசையும் பேசும் இன்றைய கலையைப் பார்க்கிறவனுக்கு இந்தத் தகவல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. உலகக் கலையரங்குகளில் செடி பெரும்பாலும் பாவப்பட்ட ஜீவன். தொழிற்சாலை கெட்டது, இலை நல்லது. ஜொகூரின் மண் அந்தக் கதையை ஒப்புவதில்லை.

ஜொகூர் அரசின் சின்னத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் மிளகும் காம்பிரும் கொடியாகப் படர்ந்திருக்கின்றன. காம்பிர் என்பது நாம் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு உறவான சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோல் பதனிடும் கூடங்களுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் அது மூட்டை மூட்டையாகப் போனது. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிமின் அழைப்பில் வந்த சீனக் குடியேறிகள் ஆற்றுக்கு ஆறு காங்சூ என்ற தலைவருக்குக் கீழே காட்டைத் திருத்திப் பயிரிட்டார்கள். காங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அந்த ஏற்பாட்டின் மிச்சம். காம்பிர் இலையைக் கொப்பரையில் வேகவைக்க விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். இலையெடுத்த சக்கை மிளகுக்கு உரமாகும். பதினைந்து, இருபது ஆண்டில் மண் செத்துவிடும்; தோட்டத்தை விட்டுவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடுவார்கள். விட்டுப்போன இடத்தில் லாலான் புல் முளைக்கும். ஓர் அரசு தன் காட்டைத் தின்ற செடிகளையே கௌரவமாகச் சின்னத்தில் பொறித்துக்கொண்டது என்பதை நான் கேலியாகச் சொல்லவில்லை. மாநிலத்தின் வரலாற்றை அதைவிட நேர்மையாகச் சொல்லும் படம் வேறு இல்லை.

காம்பிருக்குப் பிறகு ரப்பர். பிரேசிலில் ஹென்றி விக்கம் திரட்டிய விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவற்றில் 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றின் சந்ததிக்குப் பால் வெட்டத்தான் நம்மவர்கள் கப்பலேறினார்கள். ரப்பருக்குப் பிறகு செம்பனை. இப்போது கூலாயிலும் செடெனாக்கிலும் செம்பனை நின்ற நிலத்தில் தரவு மையங்கள் எழுகின்றன. ஆக, இங்கே செடி இயற்கையின் பிரதிநிதியாக வரவில்லை. முதலீடாக வந்தது, ஆளைக் கூட்டிவந்தது, விஷத்தையும் கூட்டிவந்தது. இந்த உடந்தையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் படைப்புகளே இந்தத் துறையில் நிற்கக்கூடியவை என்பது என் கருத்து. மற்றவை அழகான பச்சை.

உலக அளவில் வழக்கமாகச் சொல்லப்படும் பெயர்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஜோசப் பாய்ஸ் 1982-ல் ஜெர்மனியின் காசல் நகரில் 7,000 ஓக் மரங்களை நடத் தொடங்கினார்; அவர் இறந்த பின் 1987-ல் வேலை முடிந்தது. அதே 1982-ல் ஆக்னஸ் டெனஸ் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், வானுயர் கட்டடங்களின் நிழலில் குப்பை கொட்டி நிரப்பிய நிலத்தில், இரண்டு ஏக்கர் கோதுமை விளைவித்து அறுத்தார். இரண்டும் மகத்தான படிமங்கள். ஆனால் அந்த மரமும் அந்தக் கோதுமையும் நம் தோட்டத்துச் செடிகளைப் போலக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவர் மெல் சின். 1991-ல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரருகே, கன உலோகங்கள் ஊறிய ஒரு குப்பைமேட்டில், ரூஃபஸ் சேனி என்ற வேளாண் விஞ்ஞானியோடு சேர்ந்து ஒரு பாத்தி கட்டினார். சில செடிகள் மண்ணிலிருக்கும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் வேர் வழியே உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அவற்றை நட்டு, வளர்த்து, அறுத்து, எரித்துச் சாம்பலிலிருந்து உலோகத்தைப் பிரித்தால் நிலம் மெல்லச் சுத்தமாகும். இதைக் கலை என்று சொல்லிப் பணம் கேட்டபோது அமெரிக்கக் கலை நிதியம் முதலில் தர மறுத்தது, பிறகு தந்தது. இந்தப் படைப்பில் எனக்குப் பிடித்தது, செடியை அது வழிபடவில்லை, வேலை வாங்குகிறது. நஞ்சைத் தின்ற செடியே நஞ்சாகிவிடுகிறது, அதை அப்புறப்படுத்தியாக வேண்டும். தோட்டத் தொழிலாளியின் உடலைப் பற்றியும் இதையேதான் சொல்ல முடியும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

சாட்சியாகச் செடியை நிறுத்தியவர் அனாயிஸ் தோந்தர். செர்னோபிலைச் சுற்றியுள்ள தடைசெய்யப்பட்ட வட்டாரத்தில் வளர்ந்த செடிகளை ஒளியுணர் தாளில் வைத்து நிழற்பதிவு எடுத்தார். மைக்கேல் மார்டரின் சிறு கட்டுரைகளோடு 2016-ல் அது புத்தகமாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிரியக்கத்துக்கு ஓர் இலை உருவம் தருகிறது. கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காட்டுவது என்ற இந்தக் கேள்வி ஜொகூருக்கு அந்நியமானதல்ல.

மலாய்த் தீபகற்பத்துக்கு வந்தால் முதலில் பேச வேண்டியவர் சிம்ரின் கில். 1959-ல் சிங்கப்பூரில் பிறந்து போர்ட்டிக்சனில் வளர்ந்த பஞ்சாபிப் பெண்மணி. 2013-ல் ஆஸ்திரேலியாவின் சார்பில் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் பங்கேற்றவர். தொண்ணூறுகளின் இறுதியில் அவர் செய்த ‘காடு’ என்ற கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தொடரைத் தொலைவிலிருந்து பார்த்தால் மண்டிக்கிடக்கும் வெப்பமண்டலத் தோட்டம்தான். கிட்டே போனால் சில இலைகளில் எழுத்து ஓடுவது தெரியும். புத்தகங்களைக் கிழித்து, இலையாகவும் விழுதாகவும் கத்தரித்துச் செடிகளில் பொருத்தியிருக்கிறார். எது முளைத்தது, எது ஒட்டியது என்று கண் தடுமாறுகிறது. இந்த மண்ணின் தாவரம் எதையும் வெறுந்தாவரமாகப் பார்க்க முடியாது, அதன்மேல் ஏற்கனவே யாரோ எழுதிவிட்டார்கள் என்பதை ஒரு வாக்கியமும் இல்லாமல் சொன்ன படங்கள் அவை. ரப்பர் மரத்தின்மீது கியூ தோட்டமும் லண்டன் சந்தையும் எழுதியதை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

2014-ல் வந்த அவருடைய ‘கால்வாய்’ தொடர் இன்னும் நேரடியானது. போர்ட்டிக்சன் கடலோரத்தின் பாக்காவ் என்ற அலையாத்தி மரங்கள். அலை ஏறி இறங்கும்போது விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் பைகள், கந்தல் துணிகள், கயிறுகள் கிளைகளில் சிக்கித் தொங்குகின்றன. நிறம் கொஞ்சுகிறது, ஒரு கணம் அது குப்பை என்று தோன்றாது, புதுவகைப் பாசி என்று தோன்றும். அந்த அழகில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. ஒரு பணக்கார வீட்டு வரவேற்பறையில் அது நிம்மதியாகத் தொங்கும். ஆனால் அந்தச் சங்கடத்தைக் கலைஞரே வேண்டுமென்று விட்டு வைத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். தன் ஊரின் கரையைத் தொடர்ந்து பார்க்கிறவருக்குக் குப்பை அதிர்ச்சியாக இருக்காது, பழகிய முகமாக இருக்கும். அந்தப் பழக்கம்தான் படத்தின் விஷயம்.

அதே போர்ட்டிக்சனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பக்கத்தில் வாழும் இன்னொரு கலைஞர் ஷேரோன் சின். 2013 பொதுத்தேர்தல் முடிந்து தெருவெல்லாம் கட்சிக் கொடிகள் கிழிந்து கிடந்தபோது அவற்றைச் சேகரித்து, வீட்டைச் சுற்றி முளைத்த களைச்செடிகளை அவற்றின்மீது தீட்டினார். நீலக் கொடியில் ஒரு களை, பச்சைக் கொடியில் ஒரு களை. யாரும் நடாத, யாரும் ஓட்டுக் கேட்காத உயிர். நாங்கள் சிறுவயதில் தொட்டாற்சிணுங்கியைச் சீண்டி விளையாடிய தோட்டத்து ஓரங்கள் இதுபோன்ற செடிகளால் நிறைந்தவை; அவற்றுக்குப் பெயர் இருக்கும் என்றே தோன்றியதில்லை. மண்டோருக்கு மட்டும் தெரியும், எது களைமருந்துக்குச் சாகும், எது சாகாது என்று.

போர்ட்டிக்சன் ஜொகூர் அல்லவே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மலாக்கா நீரிணையின் தண்ணீர் மாநில எல்லை பார்த்து ஓடுவதில்லை. 1997 அக்டோபரில் சிங்கப்பூர் அருகே இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதி 28,000 டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கொட்டிய வட்டாரம் இது.

ஜொகூர் நீரிணையின் மறுகரைதான் இந்தக் கலைக்குப் பணமும் அரங்கும் தருகிறது. சிங்கப்பூர். அங்கிருந்து லூசி டேவிஸ் 2012-ல் முடித்த ‘தேக்குச் சாலை’ என்ற அசைபடம், பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு தேக்குக் கட்டிலின் பூர்வீகத்தைத் தேடுகிறது. மரத்தின் மரபணுவைச் சோதித்து, இந்தோனேசியாவின் மூனா தீவு வரை போகிறார். கட்டிலின் மரவரியை மை தடவித் தாளில் ஒற்றியெடுத்து, அந்தத் தாள்களை வெட்டி ஒட்டிக் காட்சிகளை அமைத்திருக்கிறார். ராபர்ட் சாவ் ரென்ஹுய், 2024 வெனிஸ் பியன்னாலேயில் சிங்கப்பூர்க் கூடத்தை நிரப்பியவர், ஆதிக்காட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வெட்டி, பயிரிட்டு, பட்டாளக் குடியிருப்பு கட்டி, கைவிட்ட இடத்தில் தானாக மீண்டெழும் இரண்டாம் காட்டில் ஆண்டுக்கணக்கில் கேமராக்களைக் கட்டிவைத்தார். தூக்கியெறிந்த ஒரு குப்பைத்தொட்டியில் மழைநீர் தேங்க, பறவைகள் அங்கே வந்து குடித்துக் குளித்துப் போகின்றன. குப்பையும் காடும் பகையாளிகள் என்ற வசதியான கதையை அது உடைக்கிறது.

இருந்தாலும் ஒரு கசப்பைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் தன் இரண்டாம் காட்டை இவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கும் நேரத்தில், அதன் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு ஜொகூர் ஆற்றினுடையது. 1962 ஒப்பந்தப்படி 2061 வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் எடுக்கலாம். 2019 ஏப்ரலில் அந்த ஆற்றில் அம்மோனியா மிகுந்து சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டி வந்தது. ஆற்றின் இரு கரையிலும் நிற்பது செம்பனை. அந்த ஆறும் அதன் கரையும் கண்காட்சி அரங்குக்குள் வரும் நாள் எப்போது?

இந்தத் துறையில் வரலாற்றைத் தோண்டினால் ஜொகூர் திடுக்கிட வைக்கிறது. அவசரகாலம் என்று நம் தாத்தாக்கள் சொன்ன 1948 முதல் 1960 வரையிலான போரில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காட்டுக்குள் மரவள்ளியும் காய்கறியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். அந்தப் பயிரை அழிக்க பிரிட்டிஷார் களைக்கொல்லியைப் பயன்படுத்தினார்கள். பதுங்கித் தாக்க வசதியான சாலையோரப் புதர்களில் 1952-ல் தெளித்தார்கள். 1953-ல் ஜொகூரின் குளுவாங், லாபிஸ் வட்டாரங்களில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். பின்னால் வியட்நாமில் அமெரிக்கா இறங்கியபோது, இதற்கு முன்மாதிரி உண்டு, பிரிட்டிஷார் மலாயாவில் செய்ததுதானே என்று வாஷிங்டனில் வாதிட்டார்கள். வியட்நாமின் ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ உலகம் அறிந்த பெயர். அதன் ஒத்திகையில் குளுவாங்குக்கு ஒரு பங்கு உண்டு என்பது குளுவாங்கில் ரயில் நிலையக் காப்பி குடிக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

சிம் சி யின் என்ற புகைப்படக் கலைஞர் இந்தப் போரைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்கிறார். அவருடைய தாத்தா இடதுசாரி என்று நாடு கடத்தப்பட்டுச் சீனாவில் கொல்லப்பட்டவர். ‘ஒருநாள் நமக்குப் புரியும்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் காட்டும் நிலக்காட்சிகளில் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. மரங்கள், மூட்டம், மண்சாலை. ஒன்றும் நடக்காததுபோல் மீண்டும் வளர்ந்து மூடிவிட்ட பச்சையைத்தான் அவர் விசாரிக்கிறார் என்று எனக்குப் படுகிறது. செடி சாட்சி சொல்லும் என்பது தோந்தரின் நம்பிக்கை. செடி தடயத்தை அழித்துவிடும் என்பது இந்தப் படங்கள் தரும் பயம். வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் அனுபவம். விட்டுப்போன லயத்து வீடுகளை ஐந்தே வருடத்தில் கொடி தின்றுவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

அவருடைய இன்னொரு தொடர் மணலைப் பற்றியது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலை உலகெங்கும் எப்படி நடக்கிறது என்று காட்டும் அந்தப் படங்களில் ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற கட்டுமானத் திட்டமும் உண்டு. பூலாய் ஆற்றின் முகத்துவாரத்தில், மெராம்போங் திட்டில் கடற்புற்கள் அடர்ந்த இடத்தருகே 2014-ல் மணல் கொட்டத் தொடங்கினார்கள். கடற்குதிரை வாழும், ஆவுளியா மேயும் புல்வெளி அது. விளம்பரப் படங்களிலோ கட்டடங்களின் சுவரெல்லாம் கொடி, மாடியெல்லாம் தோட்டம். தண்ணீருக்கடியில் இருக்கும் செடியை மூடி, தண்ணீருக்கு மேலே வேறு செடியைத் தொங்கவிடும் இந்தப் பச்சையைச் சமகாலக் கலை எதிர்கொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் கலையைவிட அது திறமையாகப் படம் காட்டுகிறது. எந்தக் கலைக்கூடத்தின் நிதியும் அந்தத் திட்டத்தின் விற்பனை அரங்கிலுள்ள மாதிரி நகரத்துக்கு ஈடாகாது. தஞ்சோங் கூப்பாங் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து 2008-ல் தொடங்கிய ‘கெலாப் அலாமி’ குழு கடற்புல்லைக் கணக்கெடுக்கக் கற்றுக்கொடுத்தது. அது கலை என்ற பெயரில் நடக்கவில்லை. ஆனால் மெல் சின்னின் பாத்தியைக் கலை என்று ஒப்புக்கொண்டால், வற்றிய கடலில் முழங்காலளவுச் சேற்றில் நின்று புல்லை எண்ணும் பதினாறு வயதுப் பிள்ளையின் ஏட்டையும் வெளியே நிறுத்த முடியாது.

பூர்வகுடிக் கலைஞர்கள் செடியைப் பொருளாகவே கையில் எடுக்கிறார்கள். சிலாங்கூரின் தெமுவான் இனத்தவரான ஷாக் கொயோக், மெங்குவாங் தாழை ஓலையில் பின்னிய பாயின்மீது தம் மக்களின் முகங்களைத் தீட்டுகிறார். சபாவின் யீ ஐ-லான் பாய் நெய்யும் பெண்களோடு சேர்ந்து வேலை செய்கிறார். பாய்க்கு ஓலை வேண்டும். ஓலைக்குச் சதுப்பு வேண்டும். சதுப்பு போனால் ஓவியம் வரையத் தளமே இல்லை. செய்தியைத் தனியாக எழுதி ஒட்டத் தேவையில்லாத கலை இது. ஜொகூர் நீரிணையோரத்து ஓராங் செலேத்தார் மக்களின் வாழ்வும் பாக்காவ் காட்டோடு இதே விதமாகப் பின்னியது.

இனி பாசிர் கூடாங். 2019 மார்ச் 7 அன்று கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆற்றங்கரைக்கு அருகிலிருந்த பள்ளிகளில் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். அந்த வாரத்துக்குள் வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆறாயிரம் பேர் வரை பாதிக்கப்பட்டு, 2,775 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்கு ஆறு ஆண்டு முன்பு, 2013 ஜூன் 23 காலையில், மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டு அவசரநிலை அறிவிக்கப்பட்டது; சுமத்ராவில் தோட்டத்துக்காகக் காட்டையும் கரிமண்ணையும் எரித்த புகை. ஒன்றில் செடி கரையில் நின்று பார்த்தது. மற்றொன்றில் செடிக்காகவே தீ வைக்கப்பட்டது.

இரண்டையும் படமாக்குவது கடினம். கிம் கிம்மில் பரவிய பென்சீனுக்கும் அக்ரோலினுக்கும் நிறமில்லை. புகைமூட்டத்தைப் படமெடுத்தால் பழைய சீன மலைக்காட்சி ஓவியம்போல் அழகாகிவிடுகிறது. இந்த இடத்தில் தமிழ்நாட்டு அனுபவம் ஒன்று கைகொடுக்கும். எண்ணூர்க் கழிமுகத்தைச் சாம்பல் மூடியபோது அதைச் சென்னைக்குச் சொன்னது ஓவியமல்ல, பாட்டு. 2017-ல் டி. எம். கிருஷ்ணா கழிமுகத்திலேயே நின்று பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. அதற்கு ஈராண்டு முன்னர் கொடைக்கானல் பாதரசத்தைப் பற்றி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு உலகெங்கும் பரவி, அந்தப் பாதரசத்துக்குப் பொறுப்பான நிறுவனத்தைப் பேச வைத்தது. கண்ணுக்குப் படாததைக் காதுக்குக் கொண்டுவந்தார்கள். குற்றம் நடந்த இடத்தின் பெயரை உரக்கச் சொன்னார்கள். புதுதில்லியின் ரவி அகர்வாலோ புதுச்சேரியையொட்டிய தமிழகக் கடலோரத்தில் மீனவர்களோடு பழகி, சங்க இலக்கியத்தின் திணைக் கோட்பாட்டைக் கையில் எடுத்துப் புகைப்படம் செய்தார். நெய்தல் என்றால் கடலும் மணலும் மட்டுமல்ல, அங்கே பூக்கும் பூவும் மனிதரின் இரங்கலும் சேர்ந்தது என்பதை நாம் பள்ளியில் படித்துவிட்டு மறந்தோம். அவர் அதைச் சூழல் சிந்தனையாகப் படித்தார். மலேசியத் தமிழர்களாகிய நமக்குத் திணை வேண்டுமென்றால் ஆறாவதாகத் தோட்டத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பூ எது என்பதில் சண்டை வரும்.

மலேசியாவில் இந்த விஷயத்தைத் தொட்டுப் பிசகாமல் நிற்கும் படைப்பு என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், வோங் ஹோய் சியோங்கின் ‘லாலான்’ என்பேன். பினாங்கில் பிறந்தவர் அவர். 1994-ல் தேசியக் கலைக்கூடத்தின் வெளியே லாலான் புல்லை வளர்த்தார். பிறகு அதன்மீது களைக்கொல்லி தெளித்தார். வெட்டினார். எரித்தார். அந்த இடத்தில் சாதுவான மாட்டுப்புல்லை நட்டார். 1987 அக்டோபரில் அரசு நடத்திய ‘ஓப்பராசி லாலாங்’ (லாலான் நடவடிக்கை) கைதுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடிபட்டதை அன்று பார்த்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விமர்சகர்களும் அந்த அரசியல் பொருளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனால் அந்தப் படைப்பில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. அதை வாசிக்கத் தோட்டத்தில் வளர்ந்திருக்க வேண்டும். காம்பிர்க்காரர்கள் சாகடித்த மண்ணில் முளைத்த அந்தப் புல்தான், பிறகு வந்த ரப்பருக்கும் செம்பனைக்கும் முதல் எதிரி. வேரோடு பிடுங்க முடியாது, எரித்தால் இன்னும் செழிக்கும். ஆகவே மருந்து. முதுகில் பம்பைச் சுமந்து வரிசை வரிசையாக நடந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நீண்ட காலம் தமிழ்ப் பெண்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி தோலில் பட்டால் புண்ணாகும், நகம் கழன்று விழும், மூக்கில் இரத்தம் வரும். ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரல் இறுகி ஆள் போய்விடும், மாற்று மருந்து கிடையாது. ஐரின் ஃபெர்னாண்டஸ் நடத்திய தெனாகனித்தா அமைப்பு தோட்டத்துப் பெண்களின் நச்சுப் பாதிப்பை ஆராய்ந்து 2002-ல் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டே அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-ல் தடையைத் தளர்த்தியது. இறுதியாக 2020 ஜனவரி 1-லிருந்துதான் அது முழுமையாக விலக்கப்பட்டது. இடையில் கழிந்த ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்க யாருமில்லை.

கலைக்கூட வாசலில் வோங் ஒருமுறை தெளித்ததை, செகாமாட்டிலும் லாயாங் லாயாங்கிலும் அந்தப் பெண்கள் நாட்கூலிக்குத் தினமும் செய்தார்கள். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் ஒருவராவது அந்தச் செயலை அரங்குக்குக் கொண்டுவந்தார். 1996-ல் ‘புலம்பெயர்ந்தோரும் ரப்பர் மரங்களும்’ என்று கரித்துண்டில் பெரிய ஓவியங்களாகத் தீட்டிக் காட்சிக்கு வைத்தவரும் அவர்தான். மரமும் மனிதரும் ஒரே கப்பலில் வந்த அயலவர்கள் என்று ஓவியத்தில் பார்த்த கண் அவருடையது. ஆனால் நமக்குள்ளிருந்து அந்தக் கண் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்டத்தை நாம் எழுதினோம். அகிலன் இங்கு வந்து பார்த்து ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை எழுதினார். நம் எழுத்தாளர்களும் விடாமல் எழுதினார்கள். 2005-ல் தீபக் குமரன் மேனன் ‘செம்மண் சாலை’ படத்தை எடுத்தார். 2015-ல் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ தோட்டத்திலிருந்து பெயர்த்தெறியப்பட்ட பிள்ளைகளைக் காட்டியது. இவற்றில் ஏழ்மை இருக்கிறது, சாராயம் இருக்கிறது, மண்டோரின் கை நீளம் இருக்கிறது. மருந்து நெடி குறைவாகவே இருக்கிறது. நஞ்சை நாம் கூலிப் பிரச்சினையின் ஒரு கிளையாகவே நினைத்தோம், நிலத்தின் பிரச்சினையாக நினைக்கவில்லை. நிலம் நம்முடையதாக இருந்ததில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பட்டா இல்லாதவனுக்கு நிலக்காட்சி வரையத் தோன்றுவது கடினம்.

நிதியின் பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளிலிருந்து நவீன ஓவியத்துக்கு மலேசியாவில் பெரிய இடம் தந்த கலைக்கூடங்களில் ஒன்று பெட்ரோனாஸின் பெயரைத் தாங்கியது. அதே நிறுவனத்தின் எண்ணெய், பெட்ரோகெமிக்கல் வளாகம் ஜொகூரின் பெங்கேராங்கில் நாளொன்றுக்கு மூன்று இலட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. அதற்காகக் கிராமங்களும் கல்லறைகளும் இடம் மாறின. எண்ணெய்ப் பணத்தில் சுவர் வாங்கி எண்ணெய்க் கசிவைத் தொங்கவிட முடியுமா என்பது உலகெங்கும் கேட்கப்படும் கேள்விதான். இங்கே அதைக் கேட்க வேண்டிய கலைஞர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள், ஏனென்றால் வேறு சுவர் குறைவு. ஜொகூர் பாருவில் மாநிலக் கலைக்கூடம் இருக்கிறது, தான் ஹியோக் நீ தெருவில் கலையார்வமுள்ள கடைகள் இருக்கின்றன. ஆனால் இங்கே பேசிய படைப்புகளில் பெரும்பாலானவற்றை ஒரு ஜொகூர்வாசி நேரில் பார்க்க வேண்டுமென்றால் பாலம் கடந்து சிங்கப்பூருக்கோ, வடக்கே கோலாலம்பூருக்கோதான் போகவேண்டும்.

இதற்குள் தோட்டத்தில் மருந்துப் பம்பு கைமாறிவிட்டது. தமிழ்ப் பெண்கள் தோட்டத்தை விட்டு மாசாய், ஸ்கூடாய் அடுக்குமாடிகளுக்கும் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் வந்துவிட்டார்கள். கிம் கிம் புகை அங்கே அவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடி வந்தது. செம்பனைக் காட்டில் இன்று வேலை செய்பவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள், நேப்பாளிகள். பாராகுவாட்டுக்குப் பதிலாக குளுஃபோசினேட், கிளைஃபோசேட் அடிக்கிறார்கள். லாலான் புல் அவற்றுக்கும் முழுதாக அடங்கிவிடவில்லை.